கிட்டத்து ஸ்டேஷன் எது? படைவீரர் பயணப்படியும் இராமநாதபுரச் சீமையும்



படைவீரர் பேரில் நடக்கும் சொற்பொழிவு என்றதும் போர்க்களக் கதை கேட்கலாம் என்று வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது டி.ஏ. பில் என்னும் பயணப்படிப் பில்லைப் பற்றி. பாதுகாப்புக் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சண்டை எனக்குத் தெரியாது. சண்டைக்குப் போனவர் எந்த ரயிலில் போனார், எந்த வகுப்பில் போனார், திரும்பி வரும்போது பெட்டி படுக்கைக்கு எவ்வளவு கேட்டார் என்பது தெரியும். கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி, திருவாடானை என்று வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய சீமையில், ஒரு வீட்டின் வரவு செலவில் இந்தப் பில்லுக்கு இருக்கும் இடம் சின்னதல்ல. ஆனாலும் மேடையில் இதை யாரும் பேசுவதில்லை. பேசினால் தூக்கம் வரும் என்று பயம் போலிருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பயணப்படி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது ஒருவர் காட்டிய வீரத்தைப் பார்த்து முடிவாவதில்லை. பதவியைப் பார்த்துப் பாதி முடிவாகிறது. மீதிப் பாதி, அவர் சேர்ந்த அன்று ஒரு குமாஸ்தா சில கட்டங்களில் என்ன எழுதினார் என்பதில் இருக்கிறது. சொந்த ஊர் எது, கிட்டத்து ஸ்டேஷன் எது, வீட்டில் யார் யார் உன்னை நம்பி இருக்கிறார்கள் என்று அந்தக் கட்டங்கள் கேட்கும். பதினெட்டு வயதில், தலை மொட்டையடித்த கையோடு, பாதி புரிந்தும் புரியாமலும் சொன்ன பதில்கள் இருபது வருஷம் கூடவே வரும்.

முதலில் கொஞ்சம் பழங்கதை.

1824ஆம் ஆண்டு. பர்மாவோடு கிழக்கிந்தியக் கும்பினிக்குச் சண்டை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாரக்பூரில் இருந்த வங்காளப் படையின் 47ஆவது காலாட்படையைச் சிட்டகாங்குக்கு நடக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் சிப்பாயின் சொந்தச் சாமான்களை ஏற்றிச் செல்லும் பொதிமாட்டுக்குச் சிப்பாய்தான் காசு கொடுக்க வேண்டும். படையெடுப்புக்கென்று சர்க்காரே மாடுகளை வாங்கிக் குவித்துவிட்டதால் சந்தையில் மாடு கிடைக்கவில்லை. கிடைத்த மாட்டின் விலை சிப்பாயின் சம்பளத்துக்கு எட்டவில்லை. “மாட்டைக் கொடு, இல்லையென்றால் பேட்டாவை இரட்டிப்பாக்கு” என்று கேட்டார்கள். கேட்டதற்குக் கிடைத்த பதில் பீரங்கி. நவம்பர் 2ஆம் தேதி காலையில், தளபதி எட்வர்ட் பேஜட் முன்னிலையில், அணிவகுப்பு மைதானத்திலேயே சுட்டுத் தள்ளினார்கள். ஓடியவர்கள் ஹூக்ளி ஆற்றில் விழுந்தார்கள். மதம், சாதி, கடல் தாண்டும் பயம் என்று இந்தக் கலகத்துக்கு வரலாற்றாசிரியர்கள் பல காரணம் சொல்கிறார்கள். அவை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு கணக்கர் கண்ணுக்கு முதலில் படுவது என்னவோ மாட்டு வாடகைதான்.

அதற்கு இருபது வருஷம் கழித்து நம் சென்னைப் படையின் முறை வந்தது. 1843இல் சிந்து கும்பினி ஆட்சியில் சேர்க்கப்பட்டது. அதுவரை அது வெளிநாடு, அங்கே போகிற சிப்பாய்க்குக் கூடுதல் பேட்டா உண்டு. சேர்த்த பிறகு அது நம் நாடு, ஆகவே கூடுதல் பேட்டா கிடையாது. சிந்துவின் வெயில் அதே வெயில், தூரமும் அதே தூரம். தேசப்படத்தில் வண்ணம் மாறியது, அவ்வளவே. பெரோஸ்பூரில் வங்காளப் படையினர் நகர மறுத்து, ஒரு ரெஜிமென்டையே கலைக்க வேண்டியதாயிற்று. சென்னைப் படையின் 47ஆவது காலாட்படைக்கு, வெளிநாட்டுப் படி உண்டு என்று சென்னை கவர்னர் ட்வீடேல் பிரபு உறுதி கொடுத்துக் கப்பலேற்றினார். அவர்கள் பம்பாய்க்கு வந்து இறங்கியபோது, அந்த உறுதி செல்லாது என்று மேலிடம் சொல்லியிருந்தது. 1844 பிப்ரவரியில் அணிவகுப்பிலேயே எதிர்த்து நின்றார்கள்.

சென்னைச் சிப்பாய்க்கு இது ஏன் இவ்வளவு வலித்தது? வங்காளப் படைச் சிப்பாய் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வருவார். சென்னைச் சிப்பாய் பெண்டாட்டி பிள்ளை, சில சமயம் தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு ரெஜிமென்டோடு நடப்பார். ஒரு படை நகர்ந்தால் ஒரு கிராமமே நகர்ந்தது. கடல் தாண்டிப் போகும்போது குடும்பத்தை விட்டுப் போக நேர்ந்தால் சம்பளத்தில் ஒரு பங்கு குடும்பத்துக்குப் போகும். இரண்டு அடுப்பு எரியும்போது படி குறைந்தால் ஓர் அடுப்பு அணையும். இன்றைக்கும் பட்டாளத்துக்காரர் வீட்டில் இரண்டு அடுப்புதான். ஒன்று அவர் இருக்கும் இடத்தில், இன்னொன்று சாயல்குடியில்.

இப்போது வாரண்டுக்கு வருவோம். பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், வாரண்ட் என்றதும் போலீஸ் நினைவு வர வேண்டாம். லீவில் புறப்படும் ஜவானுக்கு அவருடைய யூனிட் எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. ஸ்டேஷனில் அதைக் கொடுத்தால் காசில்லாமல் டிக்கெட் கிடைக்கும். ரயில்வேயும் பாதுகாப்புத் துறையும் பிற்பாடு தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். சென்னை சென்ட்ரலில், படையினரின் ரயில் பயணத்தைக் கவனிக்கும் எம்.சி.ஓ. அலுவலகத்தின் வாசலில் பச்சை டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, மிலிட்டரி கோட்டாவில் பெர்த் கிடைக்குமா என்று காத்திருந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருப்பீர்கள். இப்போது யூனிட்டிலிருந்தே கணினி வழியாக டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். டி.டி.எஸ். என்று சொல்லும் அந்த ஏற்பாட்டில் காகிதம் குறைந்தது. கேள்விகள் குறையவில்லை.

ஜவானுக்கு வருஷத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. ஆண்டு விடுப்புக்கு ஒருமுறை வாரண்டில் வரலாம். மற்றபடி சலுகைக் கட்டணத்தில் வரலாம், இல்லையென்றால் சொந்தக் காசு. வாரண்ட் எங்கே வரைக்கும்? இங்கேதான் என்.ஆர்.எஸ்., அதாவது கிட்டத்து ரயில்வே ஸ்டேஷன், வருகிறது. முன்னாள் படைவீரர்கள் தங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டினால் தெரியும். கிராமம், அஞ்சல், தாலுகா, மாவட்டம் எல்லாம் எழுதி, கடைசியில் கிட்டத்து ரயில்வே ஸ்டேஷன் என்று ஒரு கட்டம் இருக்கும். சர்க்கார் உங்களைக் கொண்டுபோய் விடுவது அந்தக் கட்டத்தில் எழுதிய ஊர் வரைக்கும்.

இந்த மாவட்டத்தின் வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். மானாமதுரையிலிருந்து பரமக்குடி, இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் என்று ஒரே கோடு. கமுதிக்கு ரயில் இல்லை. முதுகுளத்தூருக்கு இல்லை. கடலாடிக்கும் சாயல்குடிக்கும் திருவாடானைக்கும் தொண்டிக்கும் இல்லை. ஆள் அதிகம் அனுப்பிய ஊர்களில் தண்டவாளமே கிடையாது. ஜம்முவிலிருந்து மூன்று நாளைத் தாண்டி ரயிலில் வந்தவர், மதுரையிலோ பரமக்குடியிலோ இறங்கி, டிரங்குப் பெட்டியைப் பேருந்து மேலே ஏற்றச் சொல்லி நடத்துநரிடம் மல்லுக்கட்டுவார். ரயில் இல்லாத தூரத்துக்குப் பேருந்துக் கட்டணம் கேட்க விதியில் இடம் உண்டு. அதற்குச் சீட்டு வேண்டும்.

அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நடத்துநர் கையிலிருக்கும் கருவியில் கிர்ரென்று வரும் அரைச்சாண் வழுவழுப்புக் காகிதம். ஜவான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். வியர்வையில் நனையும். அறுபது நாள் லீவு முடிந்து யூனிட்டுக்குப் போய் பில்லில் குத்தும்போது வெள்ளைக் காகிதமாக இருக்கும். என் மேசைக்கு அப்படி எத்தனையோ வெள்ளைக் காகிதங்கள் வந்திருக்கின்றன. நாற்பது, ஐம்பது ரூபாய்க்காக அதை ஒருவர் மூவாயிரம் கிலோமீட்டர் பத்திரமாகக் கொண்டுபோயிருக்கிறார் என்பது பார்க்கும்போதே தெரியும். ஆனால் தொகையும் இல்லை, தேதியும் இல்லை என்றால் தணிக்கையில் அதை எதற்குச் சான்று என்று வைப்பது? திருப்பித்தான் அனுப்ப வேண்டும்.

நான் சின்ன வயதில் கேட்ட ஒரு கேள்வி இன்னும் என்னை விடவில்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அடித்துத் தனுஷ்கோடி போயிற்று. ரயிலோடு ஸ்டேஷனும் போயிற்று. அதற்கு முன் பட்டாளத்தில் சேர்ந்து, கிட்டத்து ஸ்டேஷன் தனுஷ்கோடி என்று எழுதிக் கொடுத்திருந்தவருக்கு அடுத்த வருஷம் வாரண்ட் எங்கே வரைக்கும் எழுதியிருப்பார்கள்? விதிப்படி பதில் எளிது. ஸ்டேஷன் மாறினால் பதிவை மாற்றிக்கொள்ளலாம். மாற்ற ஊரிலிருந்து சான்று வர வேண்டும். சான்று தர ஊர் இருக்க வேண்டும்.

இது ஏதோ பழைய கதை என்று நினைக்காதீர்கள். 1914 பிப்ரவரியில் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பர் 23ஆம் தேதியோடு ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதிதான் திறந்தது. இடைப்பட்ட இரண்டே கால் வருஷம் ரயில்கள் மண்டபத்தோடோ இராமநாதபுரத்தோடோ நின்றன. பதிவேட்டில் இராமேஸ்வரம் என்று இருந்தவர்களுக்கு டிக்கெட் ஓரிடத்தில் முடிந்தது, வீடு இன்னோரிடத்தில் இருந்தது. நடுவில் கடல். 1988இல் திறந்த சாலைப் பாலம் இருந்ததால் பேருந்தில் ஏறிப் போனார்கள். பதிவை மாற்றத் தேவையில்லை, ரயில் தற்காலிகமாக நின்றிருக்கிறது, பேருந்துச் சீட்டை வைத்துப் பில் போடுங்கள் என்று யாராவது அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பேராவது கேட்டிருப்பார்கள். இப்படிச் சொல்வதற்கு ஒரு ஆள் இல்லாமல் போவதுதான் இந்த விஷயத்தில் பெரிய நஷ்டம்.

எதிர்த்திசையிலும் பாருங்கள். நம் உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. 2009 மார்ச்சில் ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் சூட்டினார்கள். மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பிகார்ப் பையனுக்கும் இமாசலப் பையனுக்கும் இதே விதிதான். அந்த இமாசலப் பையனின் மலைக்கிராமத்துக்கும் ரயில் கிடையாது. நம் ஊர் உச்சிப்புளி ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்கும் வடக்கத்திப் பையனைப் பார்த்தால், பதான்கோட்டில் நம் பிள்ளை நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பதவி. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 முதல், சிப்பாயிலிருந்து ஹவில்தார் வரை மூன்றாம் வகுப்பு ஏசி. நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை இரண்டாம் வகுப்பு ஏசி. படுக்கை வசதிப் பெட்டியில் கதவோரம் பெட்டிமேல் உட்கார்ந்து வந்த தலைமுறைக்கு இது பெரிய மாற்றம். அதில் எனக்குக் குறை இல்லை. எனக்குக் குறை சாமானில்.

மாற்றலாகிப் போகும்போது வீட்டுச் சாமானை ஏற்றிச் செல்லப் பணம் உண்டு. நாயக் வரைக்கும் 1,500 கிலோ. ஹவில்தாருக்கு 3,000 கிலோ. நாயப் சுபேதாருக்கும் அதற்கு மேலும் 6,000 கிலோ. சாலை வழியாகக் கொண்டுபோனால் கிலோமீட்டருக்கு 15 ரூபாய், 25 ரூபாய், 50 ரூபாய் என்று 2017இல் வைத்தார்கள். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டால் இந்த விகிதம் கால்பங்கு ஏறும் என்றும் எழுதியிருந்தார்கள். 2024 ஜனவரியில் அகவிலைப்படி அதைத் தொட்டது. 2017 விகிதத்திலேயே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 3,000 கிலோமீட்டர் தூரம் என்றால் நாயக்குக்கு உச்சவரம்பு 45,000 ரூபாய், ஹவில்தாருக்கு 75,000, நாயப் சுபேதாருக்கு 1,50,000. மூன்று பேர் வீட்டிலும் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு கிரைண்டர், ஒரு டி.வி., பிள்ளைகளின் சைக்கிள். நாயக் வீட்டுக் கிரைண்டர் எடை குறைவா? லாரிக்காரர் பதவி பார்த்து வாடகை கேட்பாரா? பதவி ஏற ஏறச் சாமானும் ஏறும் என்று எந்தக் காலத்திலோ, எந்த வெள்ளைக்காரர் வீட்டு மேசை நாற்காலியை நினைத்தோ வைத்த படிக்கட்டு இது என்று எனக்குத் தோன்றும். ஊதியக் குழுக்கள் விகிதத்தை ஏற்றுகின்றன. படிக்கட்டை யாரும் தொடுவதில்லை.

இந்தத் தொகை உச்சவரம்புதான். செலவு செய்ததற்கு ரசீது வேண்டும். இங்கே நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. முழு லாரி பிடித்ததாகப் பில் வரும். உள்ளே போனது ஒரு பைக்கும் இரண்டு டிரங்குப் பெட்டியும்தான் என்பது விசாரித்தால் தெரியும். போகாத பயணத்துக்கு டிக்கெட், வராத மனைவிக்குப் படி என்று கேட்டு ராணுவ நீதிமன்றம் வரைக்கும் போய், ஓய்வூதியத்தையே பணயம் வைத்தவர்கள் உண்டு. இருபது வருஷ உழைப்பை இருபதாயிரம் ரூபாய்க்கு விற்பது கெட்டிக்காரத்தனம் இல்லை. ஆனால் உண்மையாகச் செலவழித்தவரும் இந்த ஆட்களால்தான் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிறார். முன்பு பில் கொடுக்க ஒரு வருஷம் அவகாசம் இருந்தது. 2018இலிருந்து பயணம் முடிந்த 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறவருக்கு மட்டும் 2021இல் அதை 180 நாளாக்கினார்கள். இது பலருக்குத் தெரியாது. ‘ஒரு வருஷம் இருக்குல்ல’ என்று ஊரில் கிணறு வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

இனி மூன்றாவது கட்டம், குடும்பம். விதியில் குடும்பம் என்றால் மனைவி, இரண்டு பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். கணவர் எல்லைப் பகுதியில் இருக்கும்போது குடும்பம் தங்குவதற்கென்று ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த ஊருக்குப் போகவும் சாமான் கொண்டுபோகவும் படி உண்டு. இந்த ஊரை நம்மவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் சொந்த ஊர் என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு பிள்ளை படிப்புக்காக மதுரையில் வீடு பிடிப்பார்கள். பதிவில் கமுதி, குடியிருப்பது மதுரை, பில் மதுரைக்கு. வரும் ஆட்சேபணைக்குப் பதில் எழுத ஒரு வருஷம். சொந்த ஊர் என்ற பதிவைப் பணிக்காலம் முழுவதிலும் ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள் என்பதால், கல்யாணம் ஆன கையோடு உட்கார்ந்து யோசித்துவிடுவது நல்லது.

பெற்றோர் விஷயம் இதைவிடச் சிக்கல். மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குண்டான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்கு மேல் போனால் அவர்கள் சார்ந்தவர்கள் ஆக மாட்டார்கள். சம்பளக்காரர் வீட்டில் இது சுலபம், சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். இராமேஸ்வரத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகும் தகப்பனுக்கு மாத வருமானம் என்று எதைச் சொல்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வருமானமே இல்லை. தடை முடிந்து முதல் இரண்டு வாரம் இறால் பட்டால் ஒரு மாதத்திலேயே வரம்பைத் தாண்டிவிடும். அடுத்த மாதம் படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் கடன்தான் வருமானம். வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்று எழுதுகிறவர் ஆண்டுக்கு ஒரு தொகையைக் குத்துமதிப்பாகப் போடுகிறார். அந்தக் குத்துமதிப்பை வைத்துத்தான் அவர் தன் மகனோடு ரயிலில் ஏறலாமா கூடாதா என்று ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் அலுவலகம் தீர்மானிக்கிறது. மழையை நம்பிச் சோளமும் மிளகாயும் போடும் முதுகுளத்தூர்ச் சம்சாரிக்கும் இதே கதைதான். விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்த அப்பா பென்ஷன் வாங்கும் அப்பா.

ஊரில் எல்லோரையும் ‘மிலிட்டரிக்காரர்’ என்றே சொல்கிறோம். விதிக்கு அப்படி இல்லை. சி.ஆர்.பி.எப்., பி.எஸ்.எப். எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவை. அவர்களுக்குச் சிவில் ஊழியர்களின் விதி. 2019 பிப்ரவரி 14ஆம் தேதி புல்வாமா தாக்குதலில் 40 சி.ஆர்.பி.எப். வீரர்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர் இருவர். பனியால் சாலை மூடிக் கிடந்ததில் ஜம்முவில் தேங்கியிருந்தவர்கள், லீவு முடிந்து திரும்புகிறவர்களே அதிகம், 78 வண்டிகளில் ஸ்ரீநகருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கான்ஸ்டபிள் முதல் உதவி எஸ்.ஐ. வரை அந்தத் தடத்தில் விமானத்தில் போக அதுவரை தகுதி இல்லை. ஒரு வாரத்தில், பிப்ரவரி 21ஆம் தேதி, டெல்லி–ஸ்ரீநகர், ஜம்மு–ஸ்ரீநகர் தடங்களில் எல்லாப் பதவியினரும் விமானத்தில் போகலாம் என்று உள்துறை அமைச்சகம் அனுமதி கொடுத்தது. ஏழு லட்சத்து எண்பதாயிரம் பேருக்குப் பயன் என்றார்கள். நாற்பது உயிர் போன பிறகு ஒரு வாரத்தில் முடிந்த கோப்பு அது. பயணப்படிக் கோப்புகளில் அவ்வளவு வேகமாக நகர்ந்ததை நான் கேள்விப்பட்டதில்லை.

சேர்வதற்கு முன்பே தொடங்கும் தகுதியையும் மாணவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அதிகாரி தேர்வுக்கு எஸ்.எஸ்.பி. போகும் பிள்ளைக்கு, அந்த வகை நுழைவுக்கு முதல் தடவை போகிறார் என்றால், போக வர மூன்றாம் வகுப்பு ஏசி கட்டணம் கிடைக்கும். இரண்டாம் தடவை சொந்தக் காசு. டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டேராடூனுக்கு விமானப்படைத் தேர்வுக்குப் போய், 25 பேரில் ஒன்பதாவதாக வந்து, எட்டுப் பேரை எடுத்ததால் திரும்பி வந்த ஓர் இராமேஸ்வரத்துக்காரரை உங்களுக்குத் தெரியும். அப்துல் கலாமுக்கு அந்த ஒன்பதாம் இடம் நல்லதாகப் போயிற்று. எல்லோருக்கும் அப்படி அமையாது, டிக்கெட் காசாவது கைக்கு வரட்டும்.

அக்னிவீரர்களைப் பற்றி ஒன்று. 2022 ஜூனில் அறிவித்த திட்டம், நான்கு வருஷப் பணி. பயணப்படி அவர்களுக்கும் உண்டு என்று திட்டத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். லீவு மட்டும் வருஷத்துக்கு 30 நாள். மற்றவருக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, அதற்கு மேல் கேஷுவல் வேறு. தவாங்கில் இருக்கும் பையன் மலை இறங்கி, குவாஹாட்டி வந்து, சென்னை வந்து, பரமக்குடி வந்து, பேருந்து பிடித்து ஊர் சேர ஒரு வழிக்கு நான்கைந்து நாள் ஆகும். ஹரியானாக்காரப் பையனுக்கும் அதே 30 நாள். வடக்கே இருப்பவருக்கும் தெற்கே இருப்பவருக்கும் லீவு சமம் என்றால் கேட்க நியாயமாக இருக்கிறது. அம்மா கையால் சாப்பிடும் நாள் சமமாக இல்லை. கடைக்கோடி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயண நாட்களைத் தனியாகக் கணக்கிட வேண்டும் என்று நம் மாவட்டத்து மக்கள் பிரதிநிதிகள் கேட்கலாம். கச்சத்தீவைக் கேட்பதைவிடச் சுலபமாகக் கிடைக்கக்கூடிய விஷயம்.

உயிரோடு திரும்பாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 15 இரவு கல்வான் மோதலில் இறந்த ஹவில்தார் பழனி, நம் திருவாடானை தாலுகா கடுக்கலூர்க்காரர். 81ஆவது பீல்டு ரெஜிமென்ட். அடுத்த ஆண்டு வீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் உடல் லடாக்கிலிருந்து விமானத்தில் மதுரை வந்து, அங்கிருந்து சாலை வழியே கடுக்கலூர் வீட்டு வாசல் வரைக்கும் போனது. உயிரோடு லீவில் வருபவருக்கு வாரண்ட் கிட்டத்து ஸ்டேஷன் வரைக்கும்தான். விதியில் வாசல் வரைக்கும் வருவது அந்த ஒரு பயணம். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தோன்றியது அதுதான்.

போன பிறகு குடும்பத்துக்கு என்ன தகுதி? 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். இந்தக் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் நடந்த சண்டை. அந்த விதவைகளுக்கும், கார்கில் விதவைகளுக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 சதவீதச் சலுகை இருந்தது. கொரோனா வந்து 2020 மார்ச் 20ஆம் தேதி ரயில்வே சலுகைகளை நிறுத்தியபோது மாணவர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகிய மூன்று தரப்பினரில் சில வகையினருக்கு மட்டுமே விலக்கு கொடுத்தார்கள். மூத்த குடிமக்கள் சலுகை போனதைப் பற்றி நாடாளுமன்றத்தில் எத்தனையோ கேள்வி வந்தது. போர் விதவைகள் எண்ணிக்கையில் குறைவு, சத்தமும் குறைவு.

இதே கரையில் இன்னொரு படைக்காரர்களும் இருந்தார்கள். மலேயாவுக்குப் பிழைக்கப் போய், நேதாஜியின் படையில் சேர்ந்து, சிறையிருந்து ஊர் திரும்பியவர்கள். இந்திய ராணுவத்தின் பதிவேட்டில் அவர்கள் படைவீரர்களே அல்ல. விடுதலைப் போராட்டத் தியாகி என்ற வகையில்தான் அவர்களுக்கு ஓய்வூதியமும், துணைக்கு ஓர் ஆளோடு ரயிலில் இலவசமாகப் போகும் பாஸும் கிடைத்தன. ஆறு மாதம் சிறையிருந்ததற்குச் சான்று கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முந்திய சிறைக் காகிதத்துக்காக அலைந்து, கிடைக்காமலே கண்ணை மூடியவர்களின் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற ஜவானுக்கு ரயிலில் பொதுச் சலுகை எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீரப் பதக்கம் பெற்றவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. அதே மாதிரி, போகலூர் டோல்கேட்டில் அட்டையைக் காட்டி வாக்குவாதம் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1901ஆம் வருஷச் சட்டம் விலக்குக் கொடுப்பது பணியில் இருக்கும்போது, பணி நிமித்தம் போகிறவருக்கு. லீவில் மச்சான் கல்யாணத்துக்குச் சொந்தக் காரில் போகும்போது பொருந்தாது. ஓய்வு பெற்றவருக்கு அறவே பொருந்தாது. வரிசையில் பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடிப்பதற்குள் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இதே இராமநாதபுரத்தில் இருக்கிறது. ஓய்வூதியத்துக்கும் உதவித்தொகைக்கும் அங்கே கூட்டம் நிற்கிறது. பணியில் இருக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பனும் அங்கே போகலாம். மகன் பதிவேட்டில் என்ன ஊர் இருக்கிறது, என்ன ஸ்டேஷன் இருக்கிறது, உங்கள் பெயர் சார்ந்தோர் பட்டியலில் இருக்கிறதா என்று அடுத்த போனில் மகனிடம் கேளுங்கள். தெரியாது என்றுதான் சொல்வான். கிளார்க்கிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். லீவில் வந்திருக்கும் தம்பிகள் பேருந்துச் சீட்டை வாங்கியதும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து மங்கிய மூலச் சீட்டோடு அந்தப் படத்தின் நகலையும் வைத்து, யூனிட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பினால், மேசையில் இருப்பவர் மனது வைத்துப் பாஸ் செய்ய வழியுண்டு.

கேள்வி நேரம் அரைமணி இருப்பதாகத் தலைவர் சொல்கிறார். பில் ஏதாவது கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.